ஐந்தாம் வகுப்பு யேசுதாஸ், வயது அறுபத்தெட்டு

எதையாவது சும்மா தருகிறேன் என்று ஒருவன் வந்து நின்றால் நான் முதலில் அவன் செருப்பைத்தான் பார்ப்பேன். அதில் புழுதி இருந்தால் உட்காரச் சொல்வேன். இல்லையென்றால் கதவைச் சாத்திவிடுவேன். எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளிக்கு 'விரல்நுனி வகுப்பறை' என்ற திட்டத்தைக் கொண்டுவந்த அன்புசெல்வனின் ஷூ பளபளவென்று இருந்தது. கவரைப்பேட்டை ஸ்டேஷனிலிருந்து எங்கள் ஊருக்கு மூன்று கிலோமீட்டர். அதில் இரண்டு கிலோமீட்டரைக் கம்பெனி லாரிகள் ஓடி ஓடி மாவாக அரைத்து வைத்திருக்கின்றன. அந்தச் சாலையில் வந்தும் ஒருவன் காலில் தூசி படவில்லை என்றால் அவன் தரையில் கால் வைக்காதவன். அன்றைக்கே கதவைச் சாத்தியிருக்க வேண்டும். ஆனால் அது பள்ளிக்கூடத்துக் கதவு. என் பேச்சைக் கேட்காது.

என் பெயர் யேசுதாஸ். இரண்டாம் வகுப்போடு நின்றவன். அப்பன் பிறத்தியான் நிலத்தில் ஏர் ஓட்டினான். நான் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் முப்பது வருஷம் லோடு ஏற்றினேன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். சர்ச்சில் எல்லோரும் மூன்றாவது சரணம் பாடும்போது நான் முதல் சரணத்தின் இரண்டாவது வரியில் இருப்பேன். மகன் பென்னிக்கும் மருமகளுக்கும் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் வேலை. அவர்கள் பெண் சோனியா மூன்றாம் வகுப்பு. அவளைக் காலையில் பள்ளியில் விடுவதும் சாயங்காலம் கூட்டி வருவதும் என் வேலை. நடுவில் வீட்டுக்குப் போய் ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதால் பள்ளிக்கூடத்து மோட்டார் ரூம் படியிலேயே உட்கார்ந்திருப்பேன்.

இருபத்து மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே டீச்சர், ஹேமாம்புஜம். திருவள்ளூர்க் கோயில் தெருக்காரர். தலைமுறை தலைமுறையாகப் பெருமாள் சேவை செய்கிற குடும்பம். இருட்டோடு கிளம்பி, பெரியபாளையத்தில் பஸ் மாறி, ஷேர் ஆட்டோவில் இடிபட்டு எட்டே முக்காலுக்கு வந்துவிடுவார். அவர் புடவைக் கரையில் எப்போதும் எங்கள் ஊர்ப் புழுதி இருக்கும்.

அவருக்கு முன்னால் இருந்தவர் சோனியாவுக்கு எழுத்து ஏறாது என்று என் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போனவர். ஹேமாம்புஜம் அப்படிச் சொல்லவில்லை. தினமும் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து அச்சடித்த காகிதம் ஒன்று கொண்டுவர வேண்டும் என்றார். பிஸ்கட் உறை, பஸ் டிக்கெட், அரிசிப் பை, போண்டா மடித்த பேப்பர், எதுவானாலும் சரி. அதிலிருந்து ஒரு சொல்லைக் கரும்பலகையில் எழுதிப் படிக்க வேண்டும். நாலு மாதத்தில் சோனியா உப்புப் பாக்கெட்டைப் படித்தாள். பிறகு கொசுவத்திப் பெட்டியைப் படித்தாள். ஒரு நாள் நான் முட்டி வலிக்கு நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"தாத்தா, இத்த வெளியில தடவணுமாம். நீ இன்னாத்துக்குக் குடிச்சிக்கினு கீற?"

இரண்டு மாதமாகக் குடித்துக்கொண்டிருந்தேன். வயிறு எரியும்; மருந்து வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அன்றைக்கு முடிவு செய்தேன். இந்த டீச்சர் இந்த ஊரை விட்டுப் போகக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். மீதியெல்லாம் எப்படியோ போகட்டும்.

அப்படியிருந்தபோதுதான் அன்புசெல்வன் வந்தார். திட்டத்துக்கு அவர் வட்டார ஒருங்கிணைப்பாளர். வெறும் வாக்கியம் அவர் வாயில் வராது. முன்னால் ஒரு 'அதாவது', நடுவில் ஒரு 'அந்த வகையிலே', கடைசியில் ஒரு 'என்பதை இந்த நேரத்திலே' போட்டால்தான் அவருக்கு மூச்சு திரும்பும்.

"அதாவது, வகுப்பறை ஆசிரியர்களுக்கு அந்த வகையிலே எளிய தொழில்நுட்பக் குறிப்புகள் நூறு தயாரித்திருக்கிறோம் என்பதை இந்த நேரத்திலே தெரிவித்துக்கொள்கிறேன்," என்றார். "அதாவது, இனிமேல் ஆசிரியர் யோசிக்க வேண்டிய தேவை இல்லை. அந்த வகையிலே யோசனையை நாங்கள் எடுத்துக்கொண்டோம் என்பதை இந்த நேரத்திலே பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

பிள்ளைகள் கை தட்டினார்கள். கை தட்டச் சொல்லி அவருடன் வந்த டிரைவர் பின்னாலிருந்து சைகை காட்டிக்கொண்டிருந்தான்.

ஏற்பாடு இதுதான். தினமும் காலை ஒன்பது மணிக்கு டீச்சர் போனுக்கு ஒரு குறிப்பு வரும். பதினொரு மணிக்குள் அதைச் செய்து, செய்வது போல் போட்டோ பிடித்து, செயலியில் ஏற்ற வேண்டும். பச்சை விழுந்தால் பாடம் நடந்ததாகக் கணக்கு. சிவப்பு விழுந்தால் டீச்சருக்கு மெமோ.

முதல் குறிப்பு, இணையத்தில் நல்ல படங்கள் நிறைய இருக்கின்றன, பயன்படுத்தவும் என்றது. இரண்டாவது, இணையம் கிடைக்காத வேளையில், கிடைத்த வேளையில் இறக்கி வைத்ததைப் பயன்படுத்தவும் என்றது. எங்கள் பள்ளியில் சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றுதான், தண்ணீர்த் தொட்டி ஏணியின் ஏழாவது படி. டீச்சர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறுவார். கீழே பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும். அந்த நேரம்தான் எண்மக் (டிஜிட்டல்) கற்றல் நேரம் என்று அட்டவணையில் எழுதி ஒட்டியிருந்தது.

ஐந்தாவது குறிப்பு, கணினி வேலை செய்யாவிட்டால் அணைத்துவிட்டு மறுபடி போடவும். பள்ளியில் கணினியே இல்லை என்று டீச்சர் எழுதி அனுப்பினார். சிவப்பு விழுந்தது. மறுநாள் டியூப் லைட்டை அணைத்துப் போடுவது போல் போட்டோ எடுத்து அனுப்பினார். பச்சை விழுந்தது. 'மிகச் சிறந்த முயற்சி' என்று ஒரு பொம்மைக் கையும் வந்தது.

பன்னிரண்டாவது நாள் போட்டோ திரும்பி வந்துவிட்டது. ஆசிரியர் முகத்தில் ஆர்வம் போதவில்லையாம். டீச்சர் மறுபடி ஏணியில் ஏறிச் சிரித்தார். இன்னும் போதவில்லை என்றது. சத்துணவு சமைக்கும் முத்தம்மா கரண்டியோடு வெளியே வந்து பார்த்துவிட்டு, "மாப்ள ஊட்டுக்காரன் கூட இத்தினி வாட்டி சிரிக்கச் சொல்ல மாட்டான் டீச்சரம்மா" என்றாள். அதற்கு டீச்சருக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பிடித்து அனுப்பியதும் பச்சை விழுந்தது.

இதைத் தவிர மூவாயிரம் காணொளிகள் இலவசம் என்றார்கள். விதை எப்படி முளைக்கிறது என்ற காணொளியை டீச்சர் ஒரு திங்கட்கிழமை இறக்கத் தொடங்கினார். அன்றைக்கே முத்தம்மா ஒரு கிண்ணத்தில் பச்சைப்பயறு ஊறப் போட்டிருந்தாள். புதன்கிழமை பயறு முளைத்தது. பிள்ளைகள் பார்த்தார்கள், தொட்டார்கள், தின்றார்கள். காணொளி பதினாலு சதவீதத்தில் நின்றிருந்தது. பயறு முளைத்ததை டீச்சர் போட்டோ எடுத்து அனுப்பினார். 'அங்கீகரிக்கப்படாத கற்றல்' என்று சிவப்பு விழுந்தது.

பிறகு ஒரு நாள் பேனர் வந்தது. எட்டடிக்கு நாலடி பிளெக்ஸ். நூறு குறிப்புகளும் வரிசையாக அச்சடித்து, ஓரத்தில் அன்புசெல்வன் கை கூப்பிக்கொண்டு நிற்கும் படம். அந்த அளவுக்குப் பள்ளியில் வேறு சுவர் இல்லை என்று கரும்பலகையின் மேலேயே ஆணி அடித்துப் போனார்கள். டீச்சர் கையிலிருந்த சாக்பீஸை டப்பாவில் போட்டுவிட்டு, பிள்ளைகளைப் பார்த்து, இன்றைக்கு யாரும் காகிதம் எடுக்க வேண்டாம், இதிலேயே ஆளுக்கு ஒரு வரி படிக்கலாம் என்றார். போண்டா பேப்பரில் படித்த பிள்ளைகளுக்குப் பேனர் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. சோனியா அதை முதலிலிருந்து கடைசி வரைக்கும் படித்தாள். வீட்டில் சாப்பிடும்போதுகூட, "எழுபத்தி மூணு, கடவுச்சொல்லைப் பிறரிடம் சொல்லாதீர்" என்று ரசத்தை ஊற்றிக்கொள்வாள்.

இவ்வளவும் சில்லறைத் தொல்லை. பெரிய தொல்லை நவம்பரில் வந்தது.

ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் பெற்றோர் போன் நம்பரோடு செயலியில் ஏற்ற வேண்டும். நம்பரைப் போட்டால் அந்தப் போனுக்கு ஓடிபி வரும். அதை இரண்டு நிமிடத்துக்குள் போட வேண்டும். காலை பத்திலிருந்து மாலை நாலு வரைதான் செயலி திறந்திருக்கும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

எங்கள் ஊரில் ஆணும் பெண்ணும் கம்பெனிக்குப் போகிறவர்கள். எந்தக் கம்பெனியிலும் போனோடு உள்ளே விட மாட்டார்கள். கேட்டிலேயே வாங்கி, புறாக்கூண்டு மாதிரி செய்த மர அலமாரியில் நம்பர் போட்டு அடைத்துவிடுவார்கள். ஷிப்ட் முடிந்தால்தான் கைக்கு வரும். பகல் பத்திலிருந்து நாலு வரை ஊரில் பேசுகிற போன் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என் சட்டைப் பையில் இருந்த பட்டன் போன்.

அந்த வெள்ளிக்கிழமை டீச்சர் மோட்டார் ரூம் படிக்கு வந்தார். "யேசுதாஸ் ஐயா, மணி ரெண்டு ஆயிடுத்து. நாலு மணிக்குள்ள ஏத்தலேன்னா இருபத்து மூணு குழந்தையும் இல்லாத குழந்தைன்னு ஆயிடுமாம்" என்றார். அன்புசெல்வனுக்குப் போன் போட்டதில், ஏதாவது ஒரு நம்பர் போதும், பெட்டி காலியாக இருக்கக் கூடாது என்றாராம்.

போனைக் கொடுத்தேன். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. என் நம்பரை நான் கறிக்கடைக்காரனுக்குக்கூடக் கொடுத்ததில்லை. ஆனால் டீச்சர் கேட்டபின் என்ன செய்வது. அன்று மத்தியானம் முழுக்க என் போன் ஏணியின் ஏழாவது படியில் முட்டையிடும் கோழி மாதிரிக் கத்திக்கொண்டே இருந்தது. மூன்று ஐம்பத்தெட்டுக்கு இருபத்து மூன்றாவது பிள்ளை ஏறியது.

திங்கட்கிழமை காலை டீச்சர் ஏணியின் ஏழாவது படியில் நின்றவர் நின்றபடியே இருந்தார். இறங்கவே இல்லை. நான் கீழே போய் நின்று என்ன என்று கேட்டேன்.

செயலி தானாகவே தன்னைச் சுத்தம் செய்துகொண்டுவிட்டது. ஒரே போன் நம்பரில் இருபத்து மூன்று பேர் இருக்க முடியாது, இது ஒரே ஆள்தான் என்று முடிவு செய்து, எல்லோரையும் ஒருவராகச் சேர்த்துவிட்டது. பெயர், நம்பருக்குச் சொந்தக்காரன் பெயர். வகுப்பு, இருப்பதிலேயே பெரிய வகுப்பு. பள்ளியின் மொத்த மாணவர்கள்: ஒன்று. யேசுதாஸ், ஐந்தாம் வகுப்பு.

முதலில் நானும் சிரித்தேன். செவ்வாய்க்கிழமை சிரிக்கவில்லை. அன்றைக்குச் சத்துணவுக்கு நூறு கிராம் அரிசிக்குத்தான் அனுமதி வந்தது, ஒரு முட்டையோடு. முத்தம்மா பழைய இருப்பைப் போட்டு எப்படியோ சாதத்தைச் சமாளித்தாள். முட்டையை மட்டும் ஒரு தட்டில் வைத்து மோட்டார் ரூம் படிக்குக் கொண்டுவந்தாள்.

"இந்தா மாமா. சர்க்கார் ஒனக்குத்தான் குடுத்துக்கீது. துன்னு."

இருபத்து மூன்று பிள்ளைகள் தட்டை ஏந்திக்கொண்டு என்னையே பார்த்தன. அந்த முட்டையை நான் எப்படித் தின்பேன். முத்தம்மா அதைப் பொடியாக நறுக்கி எல்லோர் சாதத்திலும் தூவினாள். ஆளுக்கு ஒரு மஞ்சள் புள்ளி விழுந்தது. மறுநாளிலிருந்து ஊரில் கோழி வளர்க்கிறவர்கள் முறை வைத்து முட்டையும் மற்றவர்கள் அரிசியும் கொடுத்தார்கள். டிசம்பரில் சீருடை வந்தது. ஒரே ஒரு செட், என் பெயர் எழுதிய கவரில். கால்சட்டை என் முழங்கைக்குச் சரியாக இருந்தது.

இதற்கெல்லாம் பயமில்லை. பயம் வேறு. பள்ளியில் ஒரு மாணவன் இருக்கும் வரை பள்ளி இருக்கும், பூஜ்யமானால் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளியோடு இணைத்துவிடுவார்கள், ஆசிரியரை வேறு எங்காவது தூக்கிப் போடுவார்கள் என்பது திட்டத்தின் விதி. அதாவது டீச்சர் இங்கே இருப்பதும் போவதும் இப்போது என் ஒருவன் தலையில் நின்றது.

திருத்தலாம் என்றார்கள். திருத்துவதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பெற்றோரும் தம் சொந்தப் போனுக்கு வரும் ஓடிபியை, பகல் பத்துக்கும் நாலுக்கும் நடுவில், இரண்டு நிமிடத்துக்குள் போட வேண்டும். முதலில் சோனியாவைப் பிரித்தெடுத்துப் பார்ப்போம் என்று நான் பென்னியின் கம்பெனி கேட்டுக்குப் போனேன். டீச்சர் பள்ளியில் ஏணியில் நிற்பார். பென்னி போனுக்கு ஓடிபி அனுப்பச் சொல்வார். நான் அதைப் பார்த்து என் போனிலிருந்து சொல்ல வேண்டும்.

பென்னியின் போன் இருநூற்றுப் பதினாலாம் கூண்டில் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. வெளிச்சம் வந்தது. ஓடிபி வந்துவிட்டது. ஆனால் போன் குப்புறக் கிடந்தது.

"தம்பி, அத்த கொஞ்சம் திருப்பி வையேன்" என்றேன் செக்யூரிட்டியிடம்.

"தொட்டா என் வேல பூடும் பெருசு. ஷிப்ட் முடிஞ்சி வா."

"ஷிப்ட் முடிஞ்சா செயலி மூடிக்கும்பா."

"அப்ப ஞாயித்துக்கிழம வா."

"ஞாயித்துக்கிழம அதுக்கு லீவு."

அவன் என்னை நிஜமான வருத்தத்தோடுதான் பார்த்தான். அதற்குள் வெளிச்சம் அணைந்துவிட்டது. இரும்புக் கம்பெனியில் முப்பது வருஷம் எவ்வளவோ கனம் தூக்கியிருக்கிறேன். ஒரு போனைத் திருப்பிப் போட முடியாமல் அன்றைக்குத்தான் நின்றேன்.

அன்புசெல்வனையே கேட்டோம். அவர் ஜனவரியில் வந்தார். இருபத்து மூன்று பிள்ளைகளும் அவர் முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் அவர்களைப் பார்க்கவில்லை. கையில் இருந்த டேப்லெட்டைப் பார்த்தார். நான் எழுந்து, சார், எதிரே இருக்கிறதை எண்ணுங்கள் என்றேன்.

"பெரியவரே, அதாவது, எண்ணுவது என் வேலை இல்லை. அந்த வகையிலே எண்ணி முடித்துத்தான் இதற்குள்ளே வந்திருக்கிறது. தரவு ஒருமுறை உள்ளே போய்விட்டால் அந்த வகையிலே அது தவறாக இருக்க முடியாது என்பதை இந்த நேரத்திலே புரிந்துகொள்ள வேண்டும்."

"அப்ப இதுங்கல்லாம் யாரு சார்?"

அவர் பிள்ளைகளைத் தலை தூக்கிப் பார்த்தார். "அதாவது, பார்வையாளர்கள்" என்றார்.

ஜூனில் புதுச் சேர்க்கை வரும், அப்போது பெற்றோர் நேரில் வந்து, போனே இல்லாமல் கையெழுத்துப் போட்டுச் சேர்க்கலாம் என்பது மட்டும் அவர் வாயிலிருந்து வந்த ஒரே நல்ல வார்த்தை. டீச்சர் அதைப் பிடித்துக்கொண்டார். ஜூன் வரைக்கும் பள்ளி தாக்குப்பிடித்தால் போதும். ஆனால் அன்புசெல்வன் அடுத்த மூச்சிலேயே அதற்கும் குழி வெட்டினார். ஏப்ரலில் வாசிப்புத் தேர்வு. ஐந்தாம் வகுப்பு யேசுதாஸ் அதில் தேறினால் நூறு சதவீதத் தேர்ச்சி. மாவட்டத்தில் முதல் இடம்.

"தேறிட்டா?" என்று டீச்சர் கேட்டார்.

"அதாவது, மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அந்த வகையிலே ஆறாம் வகுப்புக்கு அனுப்பிவிடலாம்."

"அப்புறம் பள்ளிக்கூடத்துல யார் சார் இருப்பா?"

"யாரும் இருக்க மாட்டார்கள். அதாவது, எல்லோரும் தேறிய பிறகு பள்ளி எதற்கு? அந்த வகையிலே திட்டத்தின் முழு வெற்றி என்பதே அதுதான்."

அவர் கார் போன பிறகு டீச்சர் மோட்டார் ரூம் படிக்கு வந்தார். என்னிடம், இதைக் கேட்கவே வெட்கமாக இருக்கிறது, பதினாறு வருஷ வாத்தியார் வேலையில் ஒருவரிடமும் கேட்டதில்லை, ஆனால் நீங்கள் தேறக் கூடாது என்றார். நான் அவரைத் தைரியமாக இருக்கச் சொன்னேன். நிமிடத்துக்கு நாற்பது சொல் படித்தால் தேர்ச்சி. என் வேகம் பன்னிரண்டு. ஃபெயிலாவதற்கு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை அன்புசெல்வன் டேப்லெட்டோடு வந்தார். தேர்ச்சி விழுந்தவுடன் கொடுப்பதற்காகச் சட்டம் போட்ட சான்றிதழையும் கையோடு கொண்டுவந்திருந்தார். என்னை முதல் வரிசையில், பிள்ளைகளின் குட்டைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். முழங்கால் இரண்டும் காதோடு வந்து முட்டின. முத்தம்மா வாசலில் நின்றுகொண்டு, "மாமா, காப்பி அடிக்காதே" என்றாள்.

டேப்லெட்டில் எழுத்து வந்தது. 'எங்கள் ஊரில் ஓர் ஏரி இருக்கிறது. ஏரிக்கரையில் ஒரு கொக்கு நிற்கிறது. கொக்கு மீனுக்காகக் காத்திருக்கிறது.' அப்படியே பத்து வரி. நான் 'எங்கள்' என்று தொடங்கி 'ஏரி'க்கு வருவதற்குள் அன்புசெல்வன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அதாவது, நிறுத்துங்கள், நிறுத்துங்கள். அந்த வகையிலே இன்னும் சோதனை ஓட்டம்தான்" என்று எதையோ அழித்தார். இந்த வேகத்தில் மாவட்டத்தில் முதல் இடம் வராது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அறையைச் சுற்றிப் பார்த்தார். டீச்சரின் குரல் ஏற்கெனவே ஆசிரியர் குரல் என்று பதிவாகியிருந்தது, கருவி கண்டுபிடித்துவிடும்.

என் தோளுக்குப் பின்னால் மூச்சுக் காற்று பட்டது. சோனியா.

"சார், நான் படிக்கட்டா? எனுக்கு அல்லாம் தெரியும்."

அன்புசெல்வன் முகம் மலர்ந்தது. டீச்சர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அவள் படித்தால் நாற்பது என்ன, அறுபது சொல் படிப்பாள். எழுத்தே ஏறாது என்று சொல்லப்பட்டவள். அவள் ஒருமுறை எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லையா? அவள் படிப்பதும் பள்ளி மூடுவதும் ஒரே நிமிடத்தில் நடந்துவிடும் என்பதை ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது.

"சார்," என்றேன். "இந்தப் பொண்ணு பேரு ஒங்க டப்பாவுல இல்லியே."

அவர் டேப்லெட்டில் தேடினார். பெயரைப் போட்டுத் தேடினார், வகுப்பைப் போட்டுத் தேடினார்.

"ஆமாம். இல்லை" என்றார். "அதாவது, இல்லாத மாணவி வாசிக்க முடியாது. விதி."

சோனியா என்னைப் பார்த்தாள். நான் கீழே குனிந்துகொண்டேன். அவள் கடைசி வரிசைக்குப் போய் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தத் திட்டத்தின் மேல் எனக்கு இருந்த கோபத்தில் மற்றதெல்லாம் போகும். இது மட்டும் போகாது.

வேறு வழியில்லை என்று ஆனதும் அன்புசெல்வன் கதவைச் சாத்தச் சொன்னார். டேப்லெட்டைத் தம் வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டார். என் பெயரில் அவரே படிக்கப் போகிறார். மூன்று தடவை அனுமதி உண்டு, அப்புறம் தானாகப் பூட்டிக்கொள்ளும் என்று டிரைவர் நினைவுபடுத்தினான். அன்புசெல்வன் அவனைக் கையால் ஒதுக்கிவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"அதாவது, எங்கள் ஊரிலே அந்த வகையிலே ஓர் ஏரி இருக்கிறது என்பதை..."

டேப்லெட் கொய்யென்று ஒரு சத்தம் போட்டது. சரியான சொற்கள் ஒன்பது. தேவையற்ற சொற்கள் முப்பத்தொன்று.

இரண்டாவது தடவை மெதுவாகத் தொடங்கினார். 'எங்கள் ஊரில் ஓர் ஏரி' வரைக்கும் சரியாகவே போனார். டீச்சர் முந்தானையைப் பிடித்து முறுக்கிக்கொண்டு நின்றார். கொக்கு வந்த இடத்தில் அன்புசெல்வனுக்கு மூச்சு முட்டியது. "ஒரு கொக்கு அந்த வகையிலே நிற்கிறது" என்றார். அவ்வளவுதான், கரை உடைந்தது. மீன் வரும்போது 'இந்த நேரத்திலே' வந்தது. ஏரி முடியும்போது 'நன்றி கூறி விடைபெறுகிறேன்' வந்தது. சரியான சொற்கள் பதினொன்று.

மூன்றாவது தடவைக்கு வாயைக் கையால் பொத்தி, விரல் இடுக்கு வழியாகச் சொல் சொல்லாக விட்டுப் பார்த்தார். அப்படியும் ஒவ்வொரு விரலுக்கும் நடுவில் ஓர் 'அதாவது' கசிந்தது. எனக்கே பாவமாக இருந்தது. சரியான சொற்கள் ஏழு. என்னைவிட ஐந்து குறைவு. டேப்லெட் பூட்டிக்கொண்டு, சிக்னல் கிடைத்தவுடன் முடிவைத் தானே மேலிடத்துக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னது.

முடிவு திரையில் வந்தது. அன்புசெல்வனுக்குப் படிக்க மனம் வரவில்லை. டீச்சர் வாங்கிப் படித்தார். நடுநடுவே சிரிப்பு வந்து வந்து நிறுத்தினார். "யேசுதாஸ். மிகவும் மெதுவாகக் கற்பவர். இரண்டாம் வகுப்பு நிலை. தேர்ச்சி இல்லை. இம்மாணவருக்குத் தனிக் கவனம் தேவைப்படுவதால் தற்போதுள்ள ஆசிரியரை அடுத்த கல்வியாண்டு முழுவதும் மாற்றக் கூடாது. குறிப்பு எண் நாற்பத்தொன்றைப் பின்பற்றவும்."

சாத்திய கதவோரம் நின்ற முத்தம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஃபெயிலானதுக்குச் சிரிக்கிற ஒரே கூட்டம் நாமதான்."

அன்புசெல்வன் சட்டம் போட்ட சான்றிதழை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். போகிற போக்கில் அவருக்குக் கடமை நினைவு வந்திருக்க வேண்டும். நாற்பத்தொன்று என்ன என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. நூறு குறிப்பையும் தயாரித்தவர்களில் ஒருவரான அவருக்கும் தெரியவில்லை. டேப்லெட்டோ பூட்டியிருந்தது.

கடைசி வரிசையிலிருந்து சத்தம் வந்தது. சோனியா சுவரிலிருந்து திரும்பியிருந்தாள். பேனரைப் பார்க்கக்கூட இல்லை.

"நாற்பத்தொன்று. மெதுவாகக் கற்கும் மாணவரை, நன்றாக வாசிக்கும் மாணவர் ஒருவரின் பக்கத்தில் உட்கார வைக்கவும்."

ஓர் எழுத்து பிசகவில்லை. ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. அன்புசெல்வன் பேனரில் விரல் வைத்துத் தேடிச் சரிபார்த்தார். பிறகு பழக்கத்தில் டேப்லெட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"அதாவது, சரிதான். ஆனால் இந்தப் பள்ளியிலே அந்த வகையிலே வேறு மாணவரே இல்லையே" என்றார்.

நான் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன். சோனியா கோபம் தீராமலேயே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.